டெவலப்மென்ட் சர்வர்: மூணு தனி மெஷினா, ஒரே மெஷினில் விஎம்களா? (தென்னாப்பிரிக்கா டர்பன், 8 பேர் குழு)

பீனிக்ஸ்_நிரலன்:

வணக்கம் எல்லாருக்கும். டெவலப்பர் ஆறு, டெஸ்டர் ரெண்டு, மொத்தம் எட்டுப் பேர். கடைகளுக்கான பில்லிங், ஸ்டாக் மென்பொருள்தான் வேலை. ஜாவாவும் போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸும் ஒரு பக்கம். ஒரு வாடிக்கையாளர் மட்டும் விண்டோஸ் சர்வர், எஸ்கியூஎல் சர்வரை விடமாட்டேன் என்கிறார். கூடவே ஒரு ஆண்ட்ராய்டு ஆப்.

இப்போ இருப்பது ரெண்டு பழைய டெல் ஆர்720. ஒண்ணில் ஜிட் (நிரல் சேமிப்பு), ஜென்கின்ஸ் (தானா பில்ட் பண்றது), டேட்டாபேஸ் மூணும் ஒரே லினக்ஸ் மேல ஓடுது. ஒருத்தர் ஜாவா வெர்ஷனை ஏத்தினா அடுத்தவர் பில்ட் உடையுது. டெஸ்ட் டேட்டாபேஸைப் பழைய நிலைக்குக் கொண்டுவர அரை நாள் போகுது.

அலுவலகத்தில் ரெண்டு கட்சி. ஒரு கட்சி: டெவலப்மென்ட், டெஸ்ட், பில்ட் மூணுக்கும் தனித்தனியா புது சர்வர். இன்னொரு கட்சி: ஒரே நல்ல சர்வர், அதில் விஎம்கள் (ஒரே மெஷினுக்குள் மென்பொருளால் பிரிச்ச தனித்தனிக் கணினிகள்). எனக்குத் தெளிவாக வேண்டியது இவை: வேகம் எவ்வளவு குறையும்? ஒரே மெஷின் விழுந்தால் எல்லாமே விழாதா? விஎம் ஓட்டுற விஎம்வேர் மென்பொருளை இன்னும் எடுக்கலாமா? லோட்ஷெடிங்குக்கு (முறைவைத்த மின்வெட்டு) எது தாங்கும்? ரசீது பிரிண்டர், கார்டு ரீடர் யுஎஸ்பியில் செருகி டெஸ்ட் பண்ணணும், அது விஎம்மில் நடக்குமா? கிளவுடுக்கே போயிடலாம்னும் ஒருத்தர் சொல்றார்.

ரேக்_மேஸ்திரி:

தம்பி, நீங்க சொன்ன ரெண்டு தலைவலியும், ஜாவா வெர்ஷன் சண்டையும் டேட்டாபேஸைத் திருப்புறதும், மூணு சர்வர் வாங்கினா தீராது. மூணு இடத்தில் அதே சண்டை நடக்கும், அவ்வளவுதான். விஎம் போங்க. ஆனா பணத்தை எங்கே போடணும்கிறதில்தான் நிறையப் பேர் தப்பு பண்றாங்க. சிபியுவில் கொட்டிட்டு டிஸ்க்கில் மிச்சம் பிடிக்கிறாங்க. நேர்மாறா பண்ணுங்க.

கேவிஎம்மில் (லினக்ஸ் விஎம் ஓட்டுற முறை) சிபியு இழப்பு சில சதவீதம்தான், கம்பைல் நேரத்தில் கண்ணுக்கே படாது. அடி விழுறது டிஸ்க்கில். பத்து விஎம் ஒரே நேரத்தில் எழுதும்போது, ஒவ்வொரு டேட்டாபேஸும் ஒவ்வொரு கமிட்டுக்கும் "டிஸ்க்கில் நிஜமா எழுதியாச்சா" என்று கேட்டு நிற்கும். சாதாரண கடை எஸ்எஸ்டியில் மின்சாரம் போனால் காப்பாத்துற கெபாசிட்டர் கிடையாது. அதனால அது ஒவ்வொரு தடவையும் உள்ளே ஃபிளாஷ் வரைக்கும் தள்ளிட்டுத்தான் பதில் சொல்லும். கெபாசிட்டர் உள்ள சர்வர் ரக எஸ்எஸ்டி உடனே பதில் சொல்லிடும், மின்சாரம் போனாலும் கெபாசிட்டரில் இருக்கிற சக்தியில் எழுதி முடிச்சிடும். வாங்கும் முன்னாடி எஃப்ஐஓ என்கிற டிஸ்க் சோதனைக் கருவியை ஓட்டிப் பாருங்க: 4 கேபி பிளாக், ஒத்திசைந்த ரைட், வரிசை ஆழம் 1, 60 வினாடி. சர்வர் ரகம் வினாடிக்குப் பத்தாயிரம் ரைட்டுக்கு மேல் போகும். பெட்டியில் லட்சக்கணக்கில் போட்டிருக்கிற கடைச் சரக்கு சில நூறிலேயே மூச்சு வாங்கும்.

நான் சொல்ற மெஷின்: ஒரே சாக்கெட், 16 கோர், 128 ஜிபி ஈசிசி (பிழை திருத்தும்) மெமரி. பூட்டுக்கு 480 ஜிபி எஸ்எஸ்டி ரெண்டு, மிரரா. விஎம்களுக்கு 3.84 டிபி சர்வர் ரக எஸ்எஸ்டி ரெண்டு, அதுவும் மிரர். ரெய்டு கார்டு வேண்டாம், இசட்எஃப்எஸ் (மிரரைத் தானே பார்த்துக்கிற கோப்பு அமைப்பு) நேரா டிஸ்க்கைப் பார்க்கணும். மேலே விஎம்களை ஓட்டி நிர்வகிக்க ப்ராக்ஸ்மாக்ஸ்.

பிரிப்பு தோராயமா இப்படி:

ஜிட் (கிட்டீ போதும், கிட்லாப் வேண்டாம், அது மெமரியைத் தின்னும்): 2 கோர், 4 ஜிபி
பில்ட் ரன்னர் ரெண்டு: ஒவ்வொண்ணும் 6 கோர், 16 ஜிபி
போஸ்ட்கிரெஸ்: 4 கோர், 16 ஜிபி
விண்டோஸ், எஸ்கியூஎல் சர்வர்: 4 கோர், 24 ஜிபி
டெஸ்ட் சூழல் மூணு: ஒவ்வொண்ணும் 2 கோர், 8 ஜிபி
நெக்ஸஸ் (லைப்ரரிகளின் உள்ளூர் கேச்): 2 கோர், 8 ஜிபி

கூட்டினா 30 கோர், 108 ஜிபி. 16 கோருக்கு 30 கொடுக்கிறது ஒண்ணும் பெரிசில்லை, எல்லாரும் ஒரே நொடியில் பில்ட் தட்டமாட்டாங்க. கோரை அதிகமா வாக்குக் கொடுக்கலாம், மெமரியை மட்டும் கொடுக்காதீங்க. கோர் பத்தலைன்னா மெதுவாகும். மெமரி பத்தலைன்னா லினக்ஸ் ஏதாவது ஒரு விஎம்மைக் கொன்னு போடும், அது எப்பவும் நடுவேலையில் இருக்கிற டேட்டாபேஸாத்தான் இருக்கும்.

விஎம்வேர் பத்தி: பிராட்காம் 2023 நவம்பரில் வாங்கினதுக்கு அப்புறம் நிரந்தர லைசன்ஸ் போச்சு, இப்போ சந்தாதான். அவங்க விஎம் தளமான ஈஎஸ்எக்ஸ்ஐயின் இலவசப் பதிப்பை 2024இல் நிறுத்தி, 2025 ஏப்ரலில் திரும்ப விட்டாங்க. ஆனா பேக்கப் மென்பொருளுக்கு வேணும்கிற ஏபிஐ அந்த இலவசத்தில் கிடையாது. எட்டுப் பேர் குழுவுக்கு அதில் ஒட்டிக்கிட்டிருக்கக் காரணம் இல்லை. ப்ராக்ஸ்மாக்ஸ் போட்டதும் அப்டேட்டில் 401 பிழை வரும், பயப்படாதீங்க. சந்தா ரெப்பாசிட்டரியை அணைச்சிட்டு, சந்தா இல்லாததைச் சேருங்க.

சாட்ஸ்வர்த்_அக்கா:

மேஸ்திரி கணக்கில் இசட்எஃப்எஸ் மெமரியில் வெச்சுக்கிற ஆர்க் கேச்சைச் சேர்க்கணும். ப்ராக்ஸ்மாக்ஸ் 8.1இல் இருந்து புதுசா நிறுவினால் மொத்த மெமரியில் 10 சதவீதம் என்று அதுவே வரம்பு போட்டுக்கும், இங்கே 13 ஜிபி கிட்ட வரும். பழைய பதிப்பில் இருந்து ஏத்தினால் பாதி மெமரி வரை எடுக்கும். 108உம் 13உம் சேர்ந்தா 121, ஹோஸ்டுக்கு (விஎம்களைத் தாங்குற மெஷின்) 4, ஆக 125. நூல் இழை. ஆர்க்கை 8 ஜிபிக்கு இறக்கிடுங்க. மாட்ப்ரோப் அமைப்புக் கோப்பில் மதிப்பை பைட்டில்தான் எழுதணும், 8589934592. எழுதின கையோடு இனிட்ராம்எஃப்எஸ்ஸை (பூட் ஆகும்போது முதலில் ஏறுற படிமம்) புதுப்பிக்கணும், இல்லன்னா ரீபூட்டுக்கு அப்புறம் எதுவும் மாறியிருக்காது.

எஸ்கியூஎல் சர்வர் விஎம்மில் மெமரி உச்சவரம்பை முதல் நாளே அமைங்க. அதோட இயல்பு மதிப்பு 2147483647 எம்பி, அதாவது வரம்பே இல்லை. 24 ஜிபி விஎம்மில் 18 ஜிபி கொடுங்க. அந்த விஎம்முக்கு பலூனிங்கை (விஎம்மிடம் இருந்து மெமரியைத் திரும்ப வாங்குற வசதி) அணைச்சிடுங்க. ஹோஸ்ட் மெமரியைத் திரும்பக் கேட்கும்போது எஸ்கியூஎல் சர்வர் தன் கேச்சைச் சுருக்கும், அப்புறம் திரும்ப வளர்க்கும். அந்த இழுபறியில் ஒரே குவெரி காலையில் ஒரு வேகம், மதியம் ஒரு வேகம். டெஸ்டர் அதை பக் என்று பதிவார், டெவலப்பர் என் மெஷினில் வரலையே என்பார். ஜாவா விஎம்களுக்கும் இதே பேச்சுதான், ஹீப்பா எடுத்த இடத்தை ஜேவிஎம் லேசில் திருப்பித் தராது.

லைசன்ஸ். விண்டோஸ் சர்வர் கோர் கணக்கில்தான் விற்குது, ஒரு சர்வருக்குக் குறைஞ்சது 16 கோர் வாங்கணும். 16 கோரையும் ஸ்டாண்டர்ட் பதிப்பில் மூடினால் ரெண்டு விண்டோஸ் விஎம்முக்கு உரிமை வரும். 24 கோர் மெஷின் வாங்கினா, விண்டோஸ் விஎம்முக்கு நாலு கோர்தான் கொடுத்தாலும் 24க்கும் கட்டணும். மேஸ்திரி 16 கோர் ஒரே சாக்கெட் என்றது அதுக்கும் சேர்த்துத்தான் பொருந்துது. விஷுவல் ஸ்டூடியோ சந்தா இருக்கிறவங்க டெவலப்மென்ட், டெஸ்டுக்கு அதிலேயே விண்டோஸ் சர்வர் ஓட்டலாம், ஆனா அந்த விஎம்மைத் தொடுற ஒவ்வொருத்தருக்கும் சந்தா வேணும், உங்க ரெண்டு டெஸ்டருக்கும் சேர்த்து. எஸ்கியூஎல் சர்வருக்கு டெவலப்பர் பதிப்பு இலவசம். வாடிக்கையாளர் அன்றாட வேலைக்கு அதைத் தொடக்கூடாது.

டேட்டாபேஸைப் பழைய நிலைக்குத் திருப்புறது, உங்களுக்கு அரை நாள் ஆகுதே, அது இசட்எஃப்எஸ் ஸ்னாப்ஷாட்டில் (டிஸ்க்கின் அந்த நேரத்து நிலைப் பதிவு) சில வினாடி வேலை. டெஸ்ட் தொடங்கும் முன்னாடி ஒண்ணு எடுங்க, முடிஞ்சதும் திரும்புங்க. ஒரு குழி இருக்கு: மெமரியோடு சேர்த்து ஸ்னாப்ஷாட் எடுத்துத் திரும்பினால் விஎம்மின் கடிகாரம் பழைய நேரத்தில் முழிக்கும். டோக்கன் செல்லாது, டிஎல்எஸ் சான்றிதழ் இன்னும் தொடங்கவே இல்லை என்று பிழை வரும், மேக் (make) என்கிற பில்ட் கருவி, கோப்பு எதிர்கால நேரத்தில் இருக்குன்னு புலம்பும். விஎம்மை நிறுத்திட்டு மெமரி இல்லாம எடுங்க. இல்லன்னா திரும்பினதும் க்ரோனியை (நேரம் ஒத்திசைக்கும் மென்பொருள்) உடனே நேரம் சரிசெய்யச் சொல்ற ஒரு வரியை உங்க ஸ்கிரிப்டில் சேருங்க.

ஸ்னாப்ஷாட் பேக்கப் இல்லை. அதே டிஸ்க்கில்தான் உட்கார்ந்திருக்கு.

மிட்ராண்ட்_வாசி:

எல்லோரும் விஎம் பக்கமே சாய்வதால் மறுபக்கத்தையும் சொல்லி வைக்கிறேன். மூன்று விஷயங்களுக்குத் தனி மெஷின்தான் சரி.

முதலாவது, வேக அளவீடு. பகிர்ந்த ஹோஸ்டில் எடுத்த எண்களை வாடிக்கையாளரிடம் கொடுக்காதீர்கள். பக்கத்து விஎம்மில் கிரேடில் பில்ட் ஓடும்போது உங்கள் 95ஆவது சதமான மறுமொழி நேரம் இரட்டிப்பாகும், காரணம் உங்கள் நிரலில் இருக்காது. விஎம்முக்குள் டாப் கட்டளையின் எஸ்டி என்ற எண்ணைப் பாருங்கள். ஹோஸ்ட் வேறு யாருக்கோ கொடுத்துவிட்ட நேரத்தின் சதவீதம் அது. பூஜ்யத்தை விட்டு நகர்ந்திருந்தால் அந்த அளவீட்டைக் குப்பையில் போடலாம்.

இரண்டாவது, ஐஓஎஸ். நாளை யாராவது ஐஃபோன் ஆப் கேட்டால் ஆப்பிள் உரிமப்படி மேக்ஓஎஸ் ஆப்பிள் வன்பொருளில் மட்டும்தான் ஓட வேண்டும். ஒரு மேக் மினி வாங்குங்கள், அதன்மேல் டெஸ்டுக்காக இரண்டு மேக்ஓஎஸ் விஎம் வரை உரிமம் அனுமதிக்கிறது. ப்ராக்ஸ்மாக்ஸில் மேக்ஓஎஸ் ஓட்டும் வழிகள் இணையத்தில் கிடைக்கும். நிறுவனத்துக்குள் அவற்றைக் கொண்டுவர வேண்டாம்.

மூன்றாவது, கையால் செருகிப் பிடுங்கும் வன்பொருள். யுஎஸ்பியை விஎம்முக்குக் கொடுக்க முடியும். ஆனால் ப்ராக்ஸ்மாக்ஸ் இரண்டு முறைகளில் கேட்கும்: சாதனத்தின் அடையாள எண்ணாலா, போர்ட்டாலா. ஒரே மாடல் கார்டு ரீடர் இரண்டு வைத்திருந்தால் இரண்டுக்கும் அடையாள எண் ஒன்றுதான். எது எந்த விஎம்முக்குப் போகும் என்று சொல்ல முடியாது. போர்ட்டால் கட்டுங்கள், அந்தப் போர்ட்டின் மேல் லேபிள் ஒட்டுங்கள். சில கார்டு ரீடர்கள் ஃபர்ம்வேர் மாற்றும்போது தம்மைத் துண்டித்துக்கொண்டு வேறு அடையாள எண்ணோடு திரும்பி வரும். அடையாள எண்ணால் கட்டியிருந்தால் பாதி ஃபர்ம்வேரில் சாதனம் தொங்கிவிடும். நேர்மையாகச் சொன்னால், டெஸ்டரின் மேசையில் ஒரு மினி பிசி வைத்து ரசீது பிரிண்டரையும் ரீடரையும் அதில் செருகுவதுதான் நிம்மதி. சர்வர் அறைக்கும் மேசைக்கும் நடுவே காகிதச் சுருள் மாற்ற யாரும் ஓடப்போவதில்லை.

ஆண்ட்ராய்டு எமுலேட்டர் பற்றி யாரும் சொல்லவில்லை. விஎம்முக்குள் அது ஓட வேண்டுமானால் நெஸ்டட் விர்ச்சுவலைசேஷன் (விஎம்முக்குள் இன்னொரு விஎம்) வேண்டும், விஎம்மின் சிபியு வகை "ஹோஸ்ட்" என்று இருக்க வேண்டும். ப்ராக்ஸ்மாக்ஸ் 8 புது விஎம்முக்குத் தானாகக் கொடுக்கும் வகை எக்ஸ்86-64-வி2-ஏஈஎஸ். அதில் சிபியுவின் ஏவிஎக்ஸ் கட்டளைகள் மறைந்திருக்கும். மாங்கோடிபி டேட்டாபேஸின் 5.0 அல்லது அதற்கு மேற்பட்ட பதிப்பை நிறுவினால் "இல்லீகல் இன்ஸ்ட்ரக்ஷன்" என்று எழுந்த வேகத்தில் விழும். வன்பொருள் பழுது என்று நினைத்துப் பலர் மெமரியைக் கழற்றிப் பார்ப்பார்கள். சிபியு வகையை மாற்றினால் போதும். ஒரே ஹோஸ்ட் இருக்கும்வரை "ஹோஸ்ட்" வகையால் பாதகமில்லை. வேறு சிபியு கொண்ட மெஷினுக்கு ஓடும் விஎம்மை நகர்த்தும்போதுதான் சிக்கல்.

பீனிக்ஸ்_நிரலன்:

நன்றி அண்ணா, நன்றி அக்கா. ரெண்டு கேள்வி பாக்கி. ஒரே மெஷின் விழுந்தால்? ரெண்டு மெஷின் வாங்கி கிளஸ்டர் (ஒண்ணா இயங்கும் கூட்டம்) போட்டுடலாமா? அடுத்து, மின்சாரம். இப்போ இன்வெர்ட்டர் இருக்கு, லெட்-ஆசிட் பேட்டரி.

ரேக்_மேஸ்திரி:

ரெண்டு மெஷின் கிளஸ்டர் வேண்டவே வேண்டாம். கிளஸ்டரில் மெஷின்கள் ஓட்டுப் போட்டுத்தான் முடிவெடுக்கும், ரெண்டு பேர் ஓட்டுப் போட்டா பெரும்பான்மைக்கு ரெண்டு ஓட்டும் வேணும். ஒண்ணு விழுந்தா மிச்சம் இருக்கிறது, நான் பெரும்பான்மை இல்லைன்னு சொல்லி, விஎம்மைத் தொடங்கவோ அமைப்பை மாத்தவோ விடாது. ஒரு மெஷின் போனா ரெண்டும் போன கதை. க்யூடிவைஸ் என்று மூணாவது ஓட்டு ஒரு ராஸ்பெரி பையில் வைக்கலாம்தான். ஆனா எட்டுப் பேருக்கு அந்தப் பராமரிப்பு தேவையில்லை.

அதுக்குப் பதிலா ரெண்டாவது சின்ன மெஷின் ஒண்ணு, அன்றாடம் அதில் ப்ராக்ஸ்மாக்ஸ் பேக்கப் சர்வர் மட்டும் ஓடட்டும். முதல் தடவைக்கு அப்புறம் மாறின பகுதி மட்டும்தான் போகும், ஒரே மாதிரி பிளாக்குகளை ஒரே தடவைதான் சேமிக்கும். அதனால பத்து விஎம் பேக்கப் நீங்க நினைக்கிற இடத்தைவிடக் குறைவாவே எடுக்கும். கூடவே அதில் ப்ராக்ஸ்மாக்ஸையும் போட்டு வெச்சிருந்தா, மெயின் மெஷின் செத்தா அதே சின்ன மெஷினில் ஜிட்டையும் ஒரு டேட்டாபேஸையும் மட்டும் தற்காலிகமா எழுப்பிக்கலாம், அதனால அதில் 32 ஜிபி மெமரி போட்டு வைங்க. மாசம் ஒரு தடவை ஏதாவது ஒரு விஎம்மைத் திரும்ப எடுத்துப் பூட் பண்ணிப் பாருங்க. திரும்ப எடுத்துப் பார்க்காத பேக்கப்பை நம்பி எதையும் அழிக்காதீங்க.

பழைய மெஷினை அப்படியே விஎம்மா மாத்துற கருவிகள் இருக்கு, அந்த ஆசைக்கு ஆளாகாதீங்க. உங்க பிரச்சினையே எல்லாம் ஒரே ஓஎஸ்ஸில் பின்னிக் கிடக்கிறது, அந்தப் பின்னலையும் சேர்த்துத்தான் தூக்கிட்டு வருவீங்க. டேட்டாபேஸை டம்ப் எடுத்துப் புது விஎம்மில் ஏத்துங்க, ஜென்கின்ஸ் ஹோம் டைரக்டரியை நகல் எடுங்க, ஜிட் ரெப்போக்களை மிரர் பண்ணுங்க.

டெம்ப்ளேட்டில் இருந்து லினக்ஸ் விஎம் குளோன் பண்ணும் முன்னாடி மெஷின்-ஐடி கோப்பைக் காலி பண்ணுங்க, எஸ்எஸ்எச் ஹோஸ்ட் கீகளை அழிச்சிடுங்க. உபுண்டு அந்த மெஷின்-ஐடியை வெச்சுத்தான் டிஎச்சிபி சர்வரிடம் தன்னைச் சொல்லிக்கும். மேக் முகவரி வேறயா இருந்தாலும் மூணு குளோனுக்கும் ஒரே ஐபி வரும். கோளாறு எப்படித் தெரியும்னா, எஸ்எஸ்எச் போட்டா ஒரு தடவை ஒரு மெஷின், அடுத்த தடவை வேற மெஷின். விண்டோஸ்னா இதே வேலைக்கு சிஸ்ப்ரெப் கருவி. விண்டோஸ் நிறுவும்போது டிஸ்க்கே தெரியலைன்னா விர்ட்ஐஓ டிரைவர் ஐஎஸ்ஓவை ரெண்டாவது சிடியா மாட்டி அதிலிருந்து டிரைவரை ஏத்துங்க.

இசிபிங்கோ_மின்:

மின்சாரம் நம்ம வேலை, அதை மட்டும் சொல்றேன்.

2024 மார்ச் கடைசியில் இருந்து லோட்ஷெடிங் பெரும்பாலும் ஓஞ்சிருந்தாலும் 2025 தொடக்கத்தில் ஸ்டேஜ் 6 (மின்வெட்டின் கடுமையான படி) வரைக்கும் திரும்பி வந்தது. கேபிள் திருட்டு, சப்ஸ்டேஷன் பழுது எப்பவும் இருக்கு. அதனால இல்லைன்னு நினைச்சு வாங்காதீங்க.

லெட்-ஆசிட் பேட்டரி ஒரு வெட்டு தாங்கும். ரெண்டு மணிநேரம் காலி பண்ணினதை முழுசா நிரப்ப எட்டு, பத்து மணிநேரம் வேணும். ஸ்டேஜ் 6இல் அதுக்குள்ள அடுத்த வெட்டு வந்திடும். அரைகுறையா நிரம்பினபடியே திரும்பத் திரும்பக் காலியானா தகட்டில் சல்ஃபேட் படிஞ்சு பேட்டரி சீக்கிரம் செத்துப்போகும். லித்தியம் அயர்ன் பாஸ்பேட்டுக்கு மாறுங்க. இன்வெர்ட்டர் ப்யூர் சைன் வேவா இருக்கணும். சர்வர் பவர் சப்ளை மத்த வகை அலைக்குச் சத்தம் போடும், சிலது அணைஞ்சே போகும். இன்வெர்ட்டர் மாறுற நேரம் சில மாடலில் 20 மில்லிசெகண்ட், சர்வர் பவர் சப்ளை தாங்குறதும் அதே அளவுதான். ரெண்டுக்கும் நடுவில் ஒரு யுபிஎஸ் கட்டாயம் வேணும்.

மூணு தனி சர்வரா, ஒண்ணான்னு கேட்டா என் கணக்கு இது: சும்மா இருக்கும்போதே 100 வாட் எடுக்கிற சர்வர் 30 நாளில் 72 யூனிட் தின்னும். மூணுன்னா 216. அதே மூணும் பேட்டரி அளவையும் மூணு மடங்காக்கும். அங்கேதான் செலவு.

எர்த் லீக்கேஜ் (மின்கசிவு கண்டா அணைக்கிற ஸ்விட்ச்) பத்தி யாரும் யோசிக்கிறதில்லை. ஒவ்வொரு பவர் சப்ளையும் தன் ஃபில்டர் வழியா ஒரு சில மில்லிஆம்பியர் மண்ணுக்கு விடும், அது பழுது இல்லை. ஆர்720 ரெண்டு, ஒவ்வொண்ணுக்கும் பவர் சப்ளை ரெண்டு, யுபிஎஸ், ஸ்விட்ச், பக்கத்தில் நாலு மானிட்டர்: எல்லாம் ஒரே 30 மில்லிஆம்பியர் எர்த் லீக்கேஜுக்குக் கீழே இருந்தா, மின்சாரம் திரும்பி வர்ற நொடியில் ட்ரிப் ஆகும். ராத்திரி ட்ரிப் ஆனா காலையில் யாராவது வர்ற வரைக்கும் பேட்டரிதான் சுமக்கும். சர்வருக்குன்னு தனி சர்க்யூட் இழுங்க, மண் முனை ஒரு பக்கம் தட்டையா இருக்கிற சிவப்பு டெடிகேட்டட் பாயிண்ட். பதிவு பெற்ற எலெக்ட்ரீஷியன்தான் செய்யணும், சிஓசி (மின்வேலைச் சான்றிதழ்) வாங்குங்க. காப்பீட்டுக்காரர் முதலில் கேட்கிறது அதைத்தான்.

யுபிஎஸ்ஸை யுஎஸ்பியில் ஹோஸ்டோடு சேர்த்து பேட்டரி நிலையைக் கவனிச்சு சர்வரை அணைக்கிற நட் என்கிற மென்பொருளைப் போடுங்க. ப்ராக்ஸ்மாக்ஸில் விஎம் தொடங்கும் வரிசை கொடுங்க, முதலில் டேட்டாபேஸ், அப்புறம் மத்தது. அணைக்கும்போது அது தானே தலைகீழாப் போகும். ஒரு விஎம் அணையாம முரண்டு பிடிச்சா 180 வினாடி காத்திருக்கும், அதையும் பேட்டரி நேரக் கணக்கில் சேருங்க.

இதில் ஒரு இடம் எல்லாரையும் கவிழ்க்கும். பயாஸில் மின்சாரம் திரும்பினால் "கடைசி நிலை" என்று வெச்சிருப்பாங்க. சர்வர் ஒழுங்கா அணைஞ்சிருந்தா அதோட கடைசி நிலை அணைஞ்ச நிலைதானே, அப்போ மின்சாரம் வந்தாலும் எழுந்திருக்காது. "எப்போதும் ஆன்" என்று வைக்கணும். அதுமட்டும் பத்தாது: சர்வர் அணைஞ்சுக்கிட்டிருக்கும்போதே மின்சாரம் திரும்பிட்டா யுபிஎஸ் வெளியீடு அறுபடவே இல்லை, பயாஸுக்கு மின்சாரம் போய் வந்ததே தெரியாது, மெஷின் படுத்தே கிடக்கும். அதனால கடைசி அடியா யுபிஎஸ்ஸை வெளியீட்டை வெட்டி, கொஞ்சம் பொறுத்துத் திரும்பக் கொடுக்கச் சொல்ற கட்டளையை நட்டில் இயக்கி வைங்க. பேட்டரி கொஞ்சம் ஏறின பிறகுதான் திரும்பக் கொடுக்கிற மாதிரி அமைக்க முடிஞ்சா இன்னும் நல்லது, அடுத்தடுத்து ரெண்டு வெட்டு வந்தா ரெண்டாவதுக்கு அணைக்கக்கூடச் சார்ஜ் இருக்காது.

அறையில் ஜன்னலைத் திறந்து வைக்காதீங்க. நம்ம ஊர் கடல் காத்து உப்பும் ஈரமும், கனெக்டர் பச்சை பிடிச்சிடும்.

சாட்ஸ்வர்த்_அக்கா:

மின் தம்பி சொன்னதோட ஒட்டி ஒண்ணு. பில்ட் ரன்னர் விஎம்களின் டிஸ்க் கேச்சை "அன்சேஃப்" என்று வைக்கலாம், ஃப்ளஷ் கட்டளையையே கண்டுக்காது, பில்ட் நல்லாவே வேகமாகும். மின்சாரம் போனா அந்த டிஸ்க் கெட்டுப்போகலாம், போகட்டும், டெம்ப்ளேட்டில் இருந்து புதுசா எடுத்துக்கலாம். டேட்டாபேஸிலும் ஜிட்டிலும் அந்தக் கையை வைக்காதீங்க.

கிளவுடு கேட்டீங்க. அஷூர் ஜோஹன்னஸ்பர்கில் 2019இல் இருந்து இருக்கு, ஏடபிள்யூஎஸ் கேப் டவுனில் 2020இல் இருந்து, கூகுள் ஜோஹன்னஸ்பர்கில் 2024இல் வந்தது. அப்பப்போ எழுப்பி அணைக்கிற சூழலுக்கு நல்லது, லோட் டெஸ்டுக்கு ஒரு நாள் பத்து மெஷின் மாதிரி. 24 மணிநேரமும் ஓடுற 108 ஜிபிக்கு வாடகை கட்டினா சீக்கிரமே ஒரு சர்வர் விலை ஆயிடும், ரேண்ட் விழுந்தா மேலும்.

நெக்ஸஸ் விஎம்மை அலட்சியமா விடாதீங்க. 2024 மே மாசம் ஈசி, சீகாம் என்கிற கடலடி இணையக் கேபிள்கள் ரெண்டும் ஒரே நாளில் அறுந்தது நினைவிருக்கும். மேவன், என்பிஎம், டாக்கர் இமேஜ் எல்லாம் உள்ளூர் கேச்சில் இருந்தா கடலுக்கடியில் எது அறுந்தாலும் பில்ட் ஓடும். டாக்கர் ஹப் ஐபி முகவரிக்கு இவ்வளவுதான் என்று இறக்கத்துக்கு வரம்பு வெச்சிருக்கு. அலுவலகம் முழுக்க ஒரே ஐபி, ரெண்டு ரன்னர் காலையிலேயே தீர்த்திடும்.

இன்னொண்ணு, விஎம் வந்தபிறகு புதுசா முளைக்கிற ஆபத்து. குளோன் பண்றது சுலபம்கிறதால வாடிக்கையாளரின் நிஜ டேட்டாபேஸை ஒருத்தர் ஒரு தடவை ஏத்துவார், அது டெஸ்ட் சூழல் மூணிலும், ஸ்னாப்ஷாட்டிலும், பேக்கப்பிலும் பரவிடும். போபியா (தனிநபர் தகவல் பாதுகாப்பு) சட்டத்தின் அமலாக்கம் 2021 ஜூலை 1இல் இருந்தே இருக்கு. டெஸ்ட் நகல் என்று சொல்லித் தப்ப முடியாது. ஏத்தின உடனே, முதல் ஸ்னாப்ஷாட் எடுக்கும் முன்னாடியே, பெயர், தொலைபேசி, அடையாள எண்ணை மாத்திடுங்க. அடையாள எண்ணைச் சும்மா 13 இலக்கமாக் குலுக்கினா உங்க மென்பொருளே ஏத்துக்காது: முதல் ஆறு பிறந்த தேதியா இருக்கணும், அடுத்த நாலு ஆணா பெண்ணா என்று சொல்லும், 5000க்குக் கீழே பெண், கடைசி இலக்கம் லூன் சோதனைக்கு (மத்த இலக்கங்களைச் சரிபார்க்கும் கணக்கு) சரியா வரணும். முதல் 12ஐ உருவாக்கிட்டுக் கடைசியைக் கணக்கிட்டுச் சேருங்க.

பீனிக்ஸ்_நிரலன்:

தெளிவாயிடுச்சு. ஒரு 16 கோர் மெஷின், பேக்கப்புக்குச் சின்னது ஒண்ணு, டெஸ்டர் மேசைக்கு மினி பிசி. பழைய ஆர்720 ரெண்டையும் என்ன பண்றது? அதிலேயே ப்ராக்ஸ்மாக்ஸ் போட்டு கூட ஓட்டலாமா?

மிட்ராண்ட்_வாசி:

எப்போதும் ஓட விடாதீர்கள், மின்செலவுக்குக் கட்டுப்படியாகாது. அந்தத் தலைமுறை சிபியுவில் ஏவிஎக்ஸ்2 கிடையாது. ரெட்ஹாட் லினக்ஸ் 10, ஏவிஎக்ஸ்2 அடங்கிய எக்ஸ்86-64-வி3 சிபியு கேட்பதால் அதில் நிறுவவே முடியாது. மெமரி டிடிஆர்3, புது மெஷினில் பொருந்தாது. ஒன்றை உதிரிக்கு வைத்துக்கொண்டு, மற்றதில் டெபியனை நேரடியாக நிறுவி வேக அளவீட்டுக்கு மட்டும் எழுப்புங்கள். ஒப்பிட வேண்டியது போன ரிலீஸுக்கும் இந்த ரிலீஸுக்கும் உள்ள வித்தியாசத்தை, அதற்குப் பழைய மெஷினே போதும், மாறாமல் இருந்தால் சரி. பயாஸில் பவர் அமைப்பை முழு வேகத்துக்கு வைத்து, டர்போவை அணைத்து விடுங்கள். இல்லையென்றால் அறை வெப்பத்துக்கு ஏற்ப எண்கள் ஆடும்.

எழுப்பவும் அணைக்கவும் டெல்லின் தொலைக்கட்டுப்பாட்டு வசதியான ஐடிராக் இருக்கிறது. பழைய ஃபர்ம்வேரோடு இருந்தால் இன்றைய பிரவுசர்கள் அதன் டிஎல்எஸ்ஸை ஏற்காது, பக்கமே திறக்காது. முதலில் ஃபர்ம்வேரை ஏற்றுங்கள், கடவுச்சொல் இன்னும் தொடக்கத்தில் வரும் "கால்வின்" என்றால் மாற்றுங்கள், அந்தப் போர்ட்டைத் தனி விலானில் (பிரிக்கப்பட்ட நெட்வொர்க்) போடுங்கள்.